மூலைப் பாத்தி

லண்டன்
9 பெப்ரவரி 2014

நிஸ்ரின்,

கடிதம் எழுது என்று நீ சொன்னபோது சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். உன் வீட்டில் இருப்பது ஒரு போன். அது உன் கணவர் ஹுனைஸின் சட்டைப் பையில். அதனால் உன் முன்பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். உன் பிள்ளைகள் இதைக் கப்பல் செய்துவிடாமல் இருந்தால் சரி.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு முன்பள்ளியில் உதவியாளர். புத்தளத்தில் நாம் ஒரே மேசையில் இருந்து படித்த டிப்ளோமாவைப் பற்றி இங்கே ஒருவரும் கேட்கவில்லை. மூக்குத் துடைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள், வேறு சொற்களில்.

யூதர்களின் முன்பள்ளி. வாசலில் காவலாளி. முதல் நாள் என் பையைத் திறந்து பார்த்தார். செபமாலை, காலுறை, ரொட்டி. ரொட்டியை மட்டும் வெளியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம். அவர் கேட்காமலே காலுறையையும் உதறிக் காட்டினேன். ஊரில் எத்தனை சோதனைச் சாவடிகளில் எத்தனை தடவை பை திறந்து காட்டியிருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அப்படி ஒரு ஆள் தேவைப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பின்பக்கம் தோட்டம். மரச் சட்டங்களுக்குள் மண். இப்போது எல்லாம் இறுகிக் கிடக்கிறது. ஆனால் ஜன்னல் விளிம்பு முழுக்கத் தயிர்க் கோப்பைகள். மரங்களின் பிறந்தநாள் என்று ஒரு நாள் இவர்களுக்கு. அன்று பிள்ளைகள் பார்ஸ்லி விதை போட்டிருக்கிறார்கள். கொத்தமல்லி மாதிரி ஒரு கீரை. ஏப்ரலில் பெருநாள் மேசையில் அதை உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்களாம். ஒரு சிறுமி தன் கோப்பையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ன கேட்கிறது என்றேன். “அது இன்னும் எழும்பவில்லை, சத்தம் போடாதே” என்றாள்.

இன்னொன்று. கோடையில் இவர்கள் எல்லாவற்றையும் பறிப்பதில்லை. ஒரு மூலையை விட்டுவிடுகிறார்கள். தேவைப்படுகிறவர்கள் வந்து எடுக்க. மிகப் பழைய சட்டம் என்று ரேச்சல் டீச்சர் சொன்னார். நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, பிறகு அதைத் தொடாமல் இருக்கப் பழகுகிறார்கள். எனக்கு உன் நினைவு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஊருக்குப் போன் எடுத்து ஜூலியானா அக்காவுடன் கதைத்தேன். எல்லாம் நல்லம் என்கிறாள். பஸ்தியான் அத்தான் கடலில். எப்போது கேட்டாலும் கடலில்தான்.

சுஜாந்தி

பள்ளிவாசல்துறை
2 மார்ச் 2014

சுஜா,

உன் கடிதம் கப்பல் ஆகவில்லை. ஆனால் முத்திரையை அக்கீலா கிழித்துக்கொண்டாள். அதில் இருந்த பெண்ணுக்குக் கழுத்து இல்லை என்று அழுதாள். அது மகாராணி என்று சொன்னேன். “மகாராணிக்குக் கழுத்து வாணாமா டீச்சர்” என்றாள்.

எனக்கும் தோட்டம் வந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்த மறுநாளே தொடங்கினேன். உனக்கு என் முன்பள்ளி தெரியும்: பள்ளிவாசல் காணியில் ஓர் அறை, பின்னால் மணல். கதவுத் திறப்பு என்னிடம் என்றாலும் காணி பள்ளிவாசல் நிர்வாகத்துடையது. உசனார் நானா இப்போது செயலாளர். கேட்டேன். “பிள்ளையள் மண்ணுல விளையாடத்தானே போறாங்க, விளையாடட்டும்” என்றார். விவசாயம் என்று அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நல்லது.

பிள்ளைகள் பால்மா டின்னில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பாதி அவர்கள் உடுப்பில். கத்தரிக் கன்றைத் தினமும் ஒருவர் பிடுங்கி வேர் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு மன்னிப்புக் கேட்டு நடுகிறார்கள். அந்தக் கன்று இன்னும் உயிரோடு இருப்பது அல்லாஹ்வின் வேலை, என்னுடையதல்ல.

ஒரு மூலையை நானும் விட்டிருக்கிறேன். தக்காளி, கொஞ்சம் கீரை.

இது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் மார்க்கத்திலும் அறுவடை நாளில் கொடுக்க வேண்டியது உண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்த மௌலவி சொன்னார் என்பார்கள். நான் பொய்யில் அவ்வளவு தூரம் போகத் தெரியாதவள். அதனால் கிட்டவே, ஒரு சின்னப் பொய்யில் நின்றுவிட்டேன். வேலிக்கு அப்பால் ஹுனைஸ் குத்தகைக்கு எடுத்த மிளகாய்த் தோட்டம். அந்த மூலையில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். உப்பு மண், ஒன்றும் சரிவராது, பிள்ளைகள் சும்மா நட்டது, ஒருவரும் சாப்பிடப்போவதில்லை என்றேன். இங்கே பாதி மண் அப்படித்தான். அவர் திரும்பக் கேட்கவில்லை.

நீ ஒன்றை எழுதவில்லை. எந்த மூலை? நான் இப்போதைக்கு வேலியோரத்தை விட்டிருக்கிறேன். பள்ளிவாசல் பக்கம் என்றால் வருகிறவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். இங்கே ஒருவர் கையில் ஒரு தக்காளியைப் பார்த்தால் அதன் வரலாறு மஃரிபுத் தொழுகைக்கு முன் ஊர் முழுக்கப் போய்விடும்.

நிஸ்ரின்

லண்டன்
20 ஏப்ரல் 2014, உயிர்த்த ஞாயிறு

நிஸ்ரின்,

கடைசி மூலை. ரேச்சல் டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நிலத்தின் கடைசி. எடுக்கிறவர்கள் தேடி அலையக்கூடாது, எப்போதும் ஒரே இடமாக இருக்க வேண்டும். நிலத்துக்காரர் தன் கையால் பறித்துக் கொடுக்கக்கூடாது. இன்னாருக்கு என்று தெரிவுசெய்யக்கூடாது. வருகிறவர்களைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

பார்ஸ்லி பெருநாள் மேசைக்குப் போய்விட்டது. அந்தச் சிறுமியின் கோப்பையில் மட்டும் முளைக்கவில்லை. அவள் அதை இன்னும் காதில் வைத்துக் கேட்கிறாள். எறிய முடியவில்லை.

இன்று பூசைக்குப் போனேன். ஒருவரையும் தெரியாது. தலவிலக் கோயில் கடற்கரையில் மணல் காலைச் சுடுவது போல இருந்தது ஒரு நிமிடம். பிறகு இல்லை.

அக்காவின் குரல் சரியில்லை. கேள்வி கேட்டால் கேள்வியாலேயே பதில் சொல்கிறாள். “உனக்கு அங்க குளிரா? சாப்பிட்டியா?” மகள் மாக்கிறட்டிடம் போனைக் கொடு என்றால் பிள்ளை தூங்குகிறது என்கிறாள். இங்கே காலை என்றால் அங்கே பின்னேரம். நாலு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் தூங்குமா?

ஒரு தடவை போய்ப் பார். நடக்கிற தூரம்தானே. பார்த்துவிட்டு எழுது.

சுஜாந்தி

பள்ளிவாசல்துறை
29 ஜூன் 2014

சுஜா,

முதல் நோன்பு. தாகமாக இருக்கிறது. எழுதினால் மறக்கலாம் என்று எழுதுகிறேன்.

தெற்கில் நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும். அளுத்கமையில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. இங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதையே எல்லோரும் தணிந்த குரலில் சொல்கிறார்கள். என் மாமியார் ஒரு பையில் உடுப்பு மடித்து வைத்திருக்கிறார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து எல்லோரும் துரத்தப்பட்டபோது எடுத்துவர முடியாமல் போன ஒரு போர்வையைப் பற்றி இப்போது கதைக்கிறார். நான் அப்போது கைக்குழந்தை. எனக்கு நினைக்க ஒன்றுமில்லை. பயம் மட்டும் எப்படியோ இருக்கிறது.

மூலை வேலை செய்கிறது. நீ சொன்ன மாதிரி கடைசியில், மிளகாய்த் தோட்ட வேலியோரம். கடற்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அதற்கு அப்பால். முதலில் தக்காளி பழுத்து விழுந்தது. பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. “டீச்சர், ஆக்கள் வாரல்லயே, நாங்களே ஆக்களா வாரட்டா” என்று கேட்டார்கள். பிறகு ஒருநாள் பழம் இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். யார் எடுத்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது, அப்போது.

ஒரு பின்னேரம் குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன். வேலியருகில் ஒரு பெண் குனிந்திருந்தாள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். குடையை மறுநாள் எடுத்தேன்.

அக்காவைப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி தந்தாள். வீடு சுத்தமாக இருந்தது. மாக்கிறட் நல்ல உயரம். சுஜாவுக்கு எழுதுவியா என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். எல்லாம் நல்லம் என்று எழுது என்றாள்.

எல்லாம் நல்லம்.

நிஸ்ரின்

லண்டன்
10 ஓகஸ்ட் 2014

நிஸ்ரின்,

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். பேசவில்லை. மூச்சு விட்டாள். பிறகு ஒரு தாதி போனை வாங்கிச் சொன்னாள்.

திருவிழா வாரம். அன்னம்மாள் கோயிலுக்கு உலகமே வந்திருக்கும். என் அக்கா உன் வேலியில் தக்காளி பறித்திருக்கிறாள். பிள்ளை வழியிலேயே கடித்துத் தின்றிருக்கிறது. வாயால் நுரை. கண்மணி ஊசிமுனை அளவு. பூச்சிமருந்து அடித்த பழம்.

அத்தான் போன பெரிய படகு மாலைதீவுப் பக்கம் பிடிபட்டு, ஆட்கள் அங்கே மறியலில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மாசியிலிருந்து. மாசியிலிருந்து அவள் எனக்குக் கடலில் கடலில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பொய் எனக்கு விளங்குகிறது.

உன்னுடையது விளங்கவில்லை. குனிந்திருந்த பெண். நீ பார்த்திருக்கிறாய். அவளுடைய வீட்டுக்கும் போயிருக்கிறாய். அதே கடிதத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறாய், ஒன்றின் கீழ் ஒன்றாக. எல்லாம் நல்லம்.

பிள்ளை பிழைக்குமா என்று மட்டும் எழுது. வேறொன்றும் வேண்டாம்.

சு.

பள்ளிவாசல்துறை
24 ஓகஸ்ட் 2014

சுஜா,

மாக்கிறட் வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள். கை கொஞ்சம் நடுங்குகிறது. அது போய்விடும் என்று டொக்டர் சொன்னார். அக்கா உனக்கு இதற்குள் சொல்லியிருப்பாள். நானும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வேறொன்றும் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓம், அவள்தான் என்று தெரியும். பார்க்கக்கூடாது என்று நீ எழுதினாய். பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. நான் உனக்கு எழுதியிருந்தால் நீ அன்றே அவளுக்குப் போன் எடுத்திருப்பாய். அவள் அதற்குப் பிறகு வந்திருக்க மாட்டாள். பிள்ளை பட்டினி கிடந்திருக்கும், மானத்தோடு. இதை நான் அப்போது யோசித்தேனா, இப்போது யோசிக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

திருவிழாச் சனத்துக்கு மிளகாய் விற்க ஹுனைஸ் அவசரப்பட்டார். பூச்சி விழுந்திருந்தது. காலையில் மருந்து அடித்தார். காற்று இந்தப் பக்கம். வேலியோரம் முழுக்க ஈரம். அவருக்குத் தெரிந்தவரை அங்கே ஒருவரும் பறிப்பதில்லை. அப்படித்தான் நான் சொல்லிவைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் பொலிஸ் வந்தது. பழம் எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். உசனார் நானா முன்னால் போய் நின்றார். “வேலி போட்ட காணி சேர். ஒருத்தருக்கும் அனுமதி இல்ல. களவா பூந்து எடுத்திரிக்கிறாங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை சுஜா. பள்ளிவாசல் காணியில் நஞ்சு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கடற்கரையில் உங்கள் ஆட்கள் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தார்கள், சோனகர் வேண்டுமென்றே செய்தது என்று. எங்கள் ஆட்கள் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள்: களவெடுத்துத் தின்றால் அப்படித்தான்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு போனார்.

வீட்டில் ஹுனைஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய பழக்கம் என்பதையும். காஸாவில் குண்டு விழும் நாட்கள். ஜும்ஆத் தொழுகையில் அழுதுவிட்டு வந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “யூதனோ ஆரோ. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கம் மருந்து டாங்கியத் திருப்பியிருப்பனா நிஸ்ரின்?” என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. மிளகாய்த் தோட்டத்துக்கும் போவதில்லை.

நிஸ்ரின்

லண்டன்
7 செப்டெம்பர் 2014

நிஸ்ரின்,

இங்கேயும் கடைசி மூலைதான். ஆனால் இங்கே கடைசி என்பது பின்தெருப் பக்கம். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, எல்லோருக்கும் தெரிந்த மூலை. அதை நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. சொல்லை எடுத்து அனுப்பினேன், இடத்தை விட்டுவிட்டு.

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியதும் ரேச்சல் டீச்சரிடம் சொன்னேன். சாமான் அறையில், மண்வெட்டிகளுக்கு நடுவில். அவர் முதலில் கேட்டது பிள்ளையின் பெயர். பிறகு தாயின் பெயர். நோயாளிக்காகச் செபிக்கும்போது தாயின் பெயரைச் சொல்வார்களாம். மாக்கிறட், ஜூலியானாவின் மகள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு வரவில்லை. திரும்பவும் சொன்னார்.

களவு என்கிறார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. நான் அவருக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை. அது கொடுப்பது அல்ல என்றார். தர்மம் அல்ல. நிலத்துக்காரருக்கு அந்த மூலை ஒருபோதும் சொந்தமாக இருந்ததே இல்லை. எடுக்கிறவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை. எடுக்கிறவரை மறிக்கிறவன்தான் கள்ளன்.

நான் அதைத் தமிழில் உனக்கு எழுதுகிறேன். நீ அதை உன் ஊரில் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும். என் அக்கா கள்ளி இல்லை.

உன் திறப்பு போகும் என்று எனக்குத் தெரியும். இந்த வழக்கத்தை எங்கிருந்து எடுத்தாய் என்பார்கள். நீ சொல்லுவாய். உனக்குப் பொய்யில் தூரம் போகத் தெரியாது.

இப்படிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. கேட்கிறேன்.

சுஜாந்தி

பள்ளிவாசல்துறை
28 செப்டெம்பர் 2014

சுஜா,

முதலில் அவளிடம் போனேன். அவளைப் பற்றிச் சொல்லப்போகிறேன், அவளிடம் கேட்காமல் எப்படி?

மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய மீனோ. மாக்கிறட் காகம் விரட்டினாள். நான் ரேச்சல் டீச்சர் சொன்னதை எல்லாம் சொன்னேன், உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. மூலை அவளுக்காகவும் விட்டது, பொலிஸில் போய்த் திருத்தி எழுதச் சொல்கிறேன் என்றேன்.

“வாணாம்” என்றாள்.

“அக்கா, உங்களக் களவெடுத்தவ எண்டு எழுதியிரிக்காங்க.”

“எழுதட்டும். நான் களவுதான் எடுத்த. வேலியில பொத்தல் இருந்திச்சி, கைய விட்டன், எடுத்தன். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரயில்ல.”

“தந்ததில்ல அக்கா. அது எங்கடயே இல்ல—”

“நிஸ்ரின், நில்லு.” மீனைத் திருப்பிப் போட்டாள். “நீ தந்து நான் வாங்கித் திண்டன் எண்டு வை. என்ட பிள்ளைக்கு வாயால நுரை வந்தா நான் என்ன சொல்லோணும்? பாவம், நல்ல மனசால தந்தது, தெரியாம நடந்திட்டு எண்டு வாயப் பொத்தோணும். களவெடுத்தவளுக்கு அப்படியில்ல. நான் களவெடுத்தன், அதுக்கு மறியலில போடட்டும். உன்ட மாப்பிள நஞ்சு அடிச்சிட்டு ஒரு குரல் குடுக்கயில்ல, அதுக்கு அவரையும் கேக்கட்டும்.”

மாக்கிறட் என் முந்தானையைப் பிடித்து விளையாடினாள். விரல்கள் நடுங்கின. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மறுநாள் அவள் பஸ் ஏறிப் போய் ஹுனைஸின் பேரில் பொலிஸில் என்ட்ரி போட்டாள். அவர்கள் மத்தியஸ்த சபைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, புத்தளத்தில். சாட்சி என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

உசனார் நானா வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். “டீச்சருக்கு ஒண்டும் தெரியாதுதானே” என்றார். கேள்வி மாதிரி இல்லை.

உனக்குச் சந்தோஷமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நிஸ்ரின்

லண்டன்
19 ஒக்டோபர் 2014

நிஸ்ரின்,

அக்காவுக்குப் போன் எடுத்தேன். முறைப்பாட்டை வாபஸ் வாங்கு என்று சொல்லத்தான். ஹுனைஸ் நல்ல மனுசன், நிஸ்ரின் என் சிநேகிதி என்று. அவள் கேட்டாள்: “நீ ஆரு, தராசா?” வைத்துவிட்டாள்.

உன்னை உண்மை சொல் என்று கேட்டேன். அதன் விலை உன் திறப்பு என்று மட்டும் எண்ணியிருந்தேன். உன் வீடு என்று எண்ணவில்லை.

கடைசிப் பறிப்பு முடிந்தது. மூலையில் கொஞ்சம் பூசணி. பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு நான் ஜன்னலில் நின்றேன். தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தாள். கையை நீட்டினாள். நிமிர்ந்து என்னைக் கண்டாள். கையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். பஸ் வந்தது. ஏறவில்லை. நான் ஜன்னலை விட்டு நகரவும் இல்லை. ஏன் நகரவில்லை என்று இரவெல்லாம்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று இனி நான் எழுத மாட்டேன்.

சுஜாந்தி

பள்ளிவாசல்துறை
17 நவம்பர் 2014

சுஜா,

மத்தியஸ்த சபை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. பிள்ளைகளின் வாங்கில்களில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க இருந்தோம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ஆள்.

ஹுனைஸ் எதையும் மறைக்கவில்லை. அடித்தேன், காற்று இருந்தது, அங்கே ஆட்கள் வருவது தெரியாது என்றார். தெரியாததற்குக் காரணம் நான் என்று சொல்லவில்லை. வீட்டிலும் அதை ஒரு தடவைதான் சொன்னார்.

ஜூலியானா அக்கா களவெடுத்தேன் என்றாள். அதிபர் பேனையை வைத்துவிட்டார். “தங்கச்சி, இங்க வந்து ஒருத்தரும் அப்படிச் சொல்றதில்ல” என்றார். பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு என்னைக் கேட்டார்.

“அந்தத் தக்காளி ஆருட?”

“மூலையில நிக்கிறது எங்கட இல்ல சேர்.”

“அப்ப ஆருட?”

“எடுக்கிற ஆளுட.”

“எடுத்த பிறகா, எடுக்க முந்தியா?”

“முந்தியே.”

“நீங்க குடுத்ததா?”

“இல்ல. எங்களுக்குக் குடுக்க ஏலாது. எங்கட எண்டாத்தானே குடுக்கலாம்.”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். உசனார் நானா கதவருகில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பார்த்தார், பார்க்கவில்லை. லண்டனில் என் சிநேகிதி படிப்பிக்கிற யூதப் பள்ளிக்கூடத்து வழக்கம் என்றேன். உப்பு மண் என்று என் கணவரிடம் சொன்னதையும் சொன்னேன். மேசையில் இருந்த இன்னொருவர், தாடிக்காரர், மெதுவாகச் சொன்னார். “இது எங்கட மார்க்கத்திலயும் இரிக்கிற விஷயம்தானே மகள். அங்க போயா படிக்கோணும்?”

“ஓம். அங்கதான் படிச்ச.”

வேறு என்ன சொல்ல?

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி இல்லை அதில். கோபமும் இல்லை. ஒரு கணக்கு சரியா என்று பார்க்கிற மாதிரி.

நட்டஈடு பற்றிக் கேட்டார்கள். காசு வேண்டாம் என்றாள். மருந்து அடிக்கிற நாளில் வேலியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றாள். அது மட்டும்தானா என்று அதிபர் கேட்டார். “அவருட வேலியில மட்டுமில்ல. அந்தப் பாதையோரம் தோட்டம் செய்யிற எல்லாரும். இவர் போய் எல்லாருக்கும் சொல்லோணும்.” ஹுனைஸ் தலையாட்டினார். “கட்டுறன். சொல்றன்.” “மறந்தா?” “மறந்தா நீங்க வந்து கேளுங்க.” “கேப்பன்” என்றாள்.

களவு என்று எழுதியதை என்ன செய்வது என்று அதிபர் மற்ற இருவரிடமும் கேட்டார். கடைசியில், உரிமையாளர் இல்லாத பொருள், ஆகவே களவு இல்லை என்று எழுதி வாசித்தார். அக்கா கையெழுத்துப் போடும் முன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

வெளியே உசனார் நானா நின்றார். “திறப்பத் தாங்க டீச்சர். கொஞ்ச நாளைக்கு” என்றார். கொடுத்தேன். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். மர்ளியா பார்ப்பாள் என்றார். அவள் நல்ல பிள்ளை. அவளுக்கு மண் பிடிக்காது.

திரும்பும் பஸ்ஸில் சரியான சனம். எங்கள் எல்லோருக்கும் ஒரே பஸ்தான், வேறு எதில் வருவது? ஹுனைஸுக்கு மட்டும் இடம் கிடைத்திருந்தது. ஜூலியானா அக்கா மாக்கிறட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவர் எழுந்தார். “இரிங்க” என்றார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவர் மறுபடி உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். நானும் உட்காரவில்லை. பிள்ளை தாயின் தோளில் தூங்கிவிட்டது. கொண்டக்டர், “அந்தா சீட் சும்மா கிடக்கு, ஆராவது இருங்களன்” என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பாலாவி போயிற்று. உப்பளம் போயிற்று. நுரைச்சோலையில் வெங்காயச் சாக்கோடு ஒரு பெண் ஏறினாள். சாக்கைக் காலுக்கிடையில் வைத்து, யாரிடமும் கேட்காமல், உட்கார்ந்தாள்.

நிஸ்ரின்